15 பைட் கோப்பு 1,31,072 பைட்டைப் பிடிப்பது எப்படி? வட்டில் இடம் ஒதுக்கப்படும் விதம்

64 கிகாபைட் கொள்ளளவுள்ள வெற்றுப் பென் டிரைவ் ஒன்றை விண்டோஸ் கணினியில் செருகி, எந்தத் தெரிவையும் மாற்றாமல் எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்யுங்கள். பிறகு நோட்பேடில் 'அம்மா' என்ற ஒரே சொல்லைத் தட்டச்சிட்டு அதில் சேமித்து, அந்தக் கோப்பின் பண்புகளைத் திறந்து பாருங்கள். 'அளவு' என்ற இடத்தில் 15 பைட் என்றும், அதற்குக் கீழே 'வட்டில் அளவு' என்ற இடத்தில் 128 கிலோபைட், அதாவது 1,31,072 பைட் என்றும் இருக்கும். யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுத்துக்கொள்கிறது. அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என்று 'அம்மா'வில் ஐந்து குறியீடுகள் இருப்பதால் 15 பைட் என்பது சரியாகவே வருகிறது. அப்படியானால் அந்த 1,31,072 எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்விக்குப் பலவிதமான பதில்கள் புழங்குகின்றன. வைரஸ் புகுந்துவிட்டது என்பார் ஒருவர். பென் டிரைவே போலி என்பார் இன்னொருவர். இயங்குதளம் இடத்தை விழுங்குகிறது என்று மூன்றாமவர் முடித்துவிடுவார். உண்மையில் அந்த இரண்டு எண்களும் சரியானவை. முதல் எண், கோப்புக்குள் எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது எண், அந்தக் கோப்புக்காக எவ்வளவு இடம் பிறருக்குக் கிடைக்காதபடி ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று சொல்கிறது. இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்வதில்தான் குழப்பம் தொடங்குகிறது.

இக்கட்டுரையில் வட்டு என்ற சொல் ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி, பென் டிரைவ், மெமரி கார்டு ஆகிய எல்லாவற்றையும் குறிக்கும். கிலோபைட் என்பது 1,024 பைட். மெகாபைட்டும் கிகாபைட்டும் அதே கணக்கில் 1,024 மடங்காக வளரும். வட்டு விற்பவர்களின் கணக்கு வேறு. அதற்குப் பின்னால் வருவோம்.

மளிகைக் கடையின் பேரேடு

கடனுக்குச் சரக்குக் கொடுக்கும் மளிகைக் கடைகளில் இரண்டு கணக்குப் புத்தகங்கள் இருக்கும். அன்றன்றைய வியாபாரம் நடந்த வரிசையிலேயே சிட்டையில் ஏறும். பேரேட்டில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனிப் பக்கம் உண்டு. ஒரே ஒரு தீப்பெட்டியைக் கடனாக வாங்கியவர் பெயரிலும் ஒரு முழுப் பக்கம் திறக்கப்படும். அந்தப் பக்கத்தில் ஒரு வரி போக மீதியெல்லாம் வெறுமையாகக் கிடந்தாலும், அடுத்தவர் கணக்கைக் கடைக்காரர் அங்கே எழுதமாட்டார். எழுதினால், தீப்பெட்டி வாங்கியவர் நாளை வந்து அரைக் கிலோ துவரம் பருப்பு வாங்கும்போது அதைப் பதிய இடமிருக்காது. யார் பாக்கி எங்கே முடிகிறது, எங்கே தொடங்குகிறது என்று ஒவ்வொரு முறையும் தேட வேண்டியும் வரும்.

கணக்கு நீண்டுபோனால் என்ன ஆகும்? பன்னிரண்டாம் பக்கம் நிறைந்து, பதின்மூன்றாம் பக்கம் வேறொருவருக்குப் போய்விட்டிருந்தால், அடுத்து எந்தப் பக்கம் காலியோ அதில் கணக்கு தொடரும். அது நாற்பத்தேழாம் பக்கமாகவும் இருக்கலாம். இதெல்லாம் குழம்பாமல் இருப்பதற்காகப் பேரேட்டின் முன்பக்கத்தில் பெயர் அட்டவணை ஒன்று இருக்கும்: இன்னார், பக்கம் 12, 47.

வட்டில் நடப்பதும் இதுதான். கோப்பு ஒவ்வொன்றும் ஒரு வாடிக்கையாளர். வட்டு ஒரு பேரேடு. இடம் கொடுக்கப்படுவது பக்கம் பக்கமாக மட்டுமே. மேலே சொன்ன பென் டிரைவின் பேரேட்டில் ஒரு பக்கம் 1,31,072 பைட் நீளமுள்ளது. 'அம்மா' அதில் எழுதப்பட்ட ஒற்றைத் தீப்பெட்டிக் கணக்கு.

செக்டர், பிளாக், கோப்பு முறைமை

இனி உவமையைச் சற்று ஒதுக்கிவைத்து, சரியான பெயர்களுக்கு வருவோம்.

வட்டு ஒரே மூச்சில் படிக்கவோ எழுதவோ கூடிய மிகச் சிறிய துண்டுக்கு செக்டர் என்று பெயர். நெடுங்காலமாக அது 512 பைட்டாக இருந்தது. 2011 வாக்கில் ஹார்ட் டிஸ்க் உற்பத்தியாளர்கள் 4,096 பைட் செக்டருக்கு மாறினார்கள். இது வன்பொருளின் அளவு. பயனர் மாற்றக்கூடியதாகப் பெரும்பாலும் இருப்பதில்லை.

கோப்பு முறைமை என்பது, எந்தக் கோப்பு வட்டில் எங்கெங்கே கிடக்கிறது, எந்த இடம் காலி என்பதை நிர்வகிக்கும் ஏற்பாடு. விண்டோஸின் என்டிஎஃப்எஸ், லினக்ஸின் எக்ஸ்ட்4, பென் டிரைவ்களில் காணும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் ஆகியவை நாம் அன்றாடம் சந்திக்கும் கோப்பு முறைமைகள். ஃபார்மட் செய்வது என்றால், வெறும் வட்டின்மீது இப்படியொரு பேரேட்டைப் புதிதாகக் கோடு போட்டுத் திறப்பது.

கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் மிகச் சிறிய அலகே பிளாக். அதாவது, பேரேட்டின் ஒரு பக்கம். லினக்ஸ் உலகில் இதைப் பிளாக் என்பார்கள். விண்டோஸ் உலகில் இதையே கிளஸ்டர் என்றும், ஃபார்மட் செய்யும் சாளரத்தில் ஒதுக்கீட்டு அலகு என்றும் சொல்வார்கள். மூன்று பெயர்களுக்கும் பொருள் ஒன்றே. ஒரு பிளாக், ஒன்றோ அதற்கு மேற்பட்டோ செக்டர்களால் ஆனது. அதன் அளவு ஃபார்மட் செய்யும்போது ஒருமுறை முடிவு செய்யப்படுகிறது. பிறகு அதை மாற்ற வேண்டுமானால், வழக்கமாகப் பேரேட்டையே மாற்றி எழுத வேண்டியதுதான்.

16 டெராபைட் வரையிலான என்டிஎஃப்எஸ் வட்டுகளில் இயல்பான பிளாக் அளவு 4 கிலோபைட், அதாவது 4,096 பைட். எக்ஸ்ட்4-இலும் மிகச் சிறிய வட்டுகளைத் தவிர மற்றவற்றுக்கு இதே அளவுதான். எக்ஸ்ஃபேட்டை விண்டோஸ் ஃபார்மட் செய்யும்போது, 32 கிகாபைட்டுக்கு மேற்பட்ட வட்டுகளுக்கு 128 கிலோபைட்டைத் தேர்ந்தெடுக்கிறது. பெயர் அட்டவணைக்கு எக்ஸ்ட்4-இல் உள்ள இணை, ஐநோடு எனப்படும் சிறு பதிவுகளின் அட்டவணை. கோப்பு ஒன்றுக்கு ஓர் ஐநோடு. கோப்பின் அளவு, உரிமையாளர், தேதிகள், எந்தெந்தப் பிளாக்குகளில் உள்ளடக்கம் கிடக்கிறது ஆகியவை அதில் இருக்கும். இந்த அட்டவணையின் அமைப்பு முறைமைக்கு முறைமை மாறும். ஃபேட் வகை முறைமைகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் 'அடுத்த பக்கம் எது' என்று குறிக்கும் சங்கிலிப் பட்டியலை வைத்துக்கொள்கின்றன. எக்ஸ்ட்4 கொஞ்சம் கெட்டிக்காரத்தனமாக, '5,000-ஆம் பக்கத்திலிருந்து தொடர்ச்சியாக 300 பக்கங்கள்' என்பதுபோல ஒரே வரியில் குறித்துவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம் இது: செக்டர் வன்பொருளின் அலகு, பிளாக் கோப்பு முறைமையின் அலகு. கோப்புக்கு இடம் எப்போதும் முழுப் பிளாக்குகளாகவே தரப்படும். அரைப் பிளாக் என்ற பேச்சுக்கு இடமில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

4,096 பைட் பிளாக் கொண்ட ஒரு வட்டில் 10,000 பைட் நீளமுள்ள கோப்பை வைக்கிறோம். இரண்டு பிளாக்குகள் 8,192 பைட்டைத்தான் கொள்ளும். ஆகவே மூன்று பிளாக்குகள் தேவை. ஒதுக்கப்படும் இடம் 12,288 பைட். கடைசிப் பிளாக்கில் 2,288 பைட் வெறுமையாகக் கிடக்கும். கோப்பின் நீளம் சரியாக 4,096 பைட்டாக இருந்தால் வீண் எதுவும் இல்லை. அதனுடன் ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்து 4,097 ஆக்கினால் இன்னொரு பிளாக் முழுமையாக ஒதுக்கப்படும்.

வீணாவது கடைசிப் பிளாக்கில் மட்டுமே என்பதை இங்கே கவனிக்க வேண்டும். அதனால், கோப்பு பெரிதாக இருக்கும்போது இந்த நட்டம் கண்ணுக்கே தெரியாது. 1.5 கிகாபைட் திரைப்படம் ஒன்று 4 கிலோபைட் பிளாக்கில் 3,93,216 பிளாக்குகளைப் பிடிக்கும். கடைசிப் பிளாக் முழுக்கக் காலியாகக் கிடந்தாலும் அதைப் பொருட்படுத்த யாரும் இல்லை. தொல்லை வருவது சிறு கோப்புகள் கூட்டமாக வரும்போதுதான்.

ஒரு லட்சம் கோப்புகள், ஒவ்வொன்றும் 1,000 பைட் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் எழுதுபவர்களின் கோப்புறைகளில் இது அசாதாரணமான எண்ணிக்கை இல்லை. உள்ளடக்கம் மொத்தம் 10 கோடி பைட். ஏறத்தாழ 95 மெகாபைட். 4 கிலோபைட் பிளாக் கொண்ட வட்டில் இது 390 மெகாபைட்டைப் பிடிக்கும். இதே கோப்புறையை நம்முடைய எக்ஸ்ஃபேட் பென் டிரைவுக்கு மாற்றினால், ஒரு லட்சத்தை 1,31,072-ஆல் பெருக்க, ஏறத்தாழ 12.2 கிகாபைட் வரும். 95 மெகாபைட் கோப்புறை 8 கிகாபைட் காலியிடத்தில் கொள்ளவில்லை என்று கணினி சொல்லும்போது, நம்மால் நம்ப முடிவதில்லை. ஆனால் அது பேரேட்டைப் பார்த்துத்தான் பேசுகிறது.

பிளாக்கைச் சிறிதாக்கிவிட்டால் போதாதா?

இந்த இடத்தில் எல்லோருக்கும் தோன்றும் தீர்வு அதுதான். பக்கத்தைப் பாதியாக வெட்டினால் வீணும் பாதியாகும் அல்லவா? ஆகும். அதற்கான விலை வேறிடத்தில் வசூலிக்கப்படும். இதை ஊகமாகச் சொல்லாமல், அளந்து பார்த்தவர்களின் எண்களைக் கொண்டே சொல்லலாம்.

1970-களின் யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தின் கோப்பு முறைமையில் பிளாக்கின் அளவு 512 பைட். நீண்ட கோப்பு ஒன்றின் துண்டுகள் வட்டெங்கும் சிதறிக் கிடக்க, ஒவ்வொரு 512 பைட்டுக்கும் வட்டின் படிக்கும் முனை இடம் பெயர்ந்து தேட வேண்டியிருந்தது. இதன் விளைவாக, வட்டு தரக்கூடிய வேகத்தில் ஏறத்தாழ 2 விழுக்காடே பயன்பட்டது. பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பிளாக்கை 1,024 பைட்டாக்கிப் பார்த்தபோது வேகம் இரண்டு மடங்குக்கு மேல் கூடியது. அப்போதும் அது வட்டின் திறனில் 4 விழுக்காட்டளவில்தான் நின்றது. அங்கிருந்த மார்ஷல் கிர்க் மெக்குசிக், வில்லியம் ஜாய், சாமுவேல் லெஃப்லர், ராபர்ட் ஃபாப்ரி ஆகிய நால்வரும் 4,096 பைட்டைக் குறைந்தபட்சப் பிளாக்காகக் கொண்ட புதிய கோப்பு முறைமையை வடிவமைத்து, 1984-இல் அதை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். அதில் வட்டின் வேகத்தில் 47 விழுக்காடு வரை பயன்படுத்த முடிந்தது.

அந்தக் கட்டுரையில் ஒரு சிறிய அட்டவணை உண்டு; என் பார்வையில், பிளாக் அளவைப் பற்றிய முழு விவாதமும் அந்தச் சில வரிகளுக்குள் அடங்கிவிடுகிறது. தங்கள் பல்கலைக்கழகக் கணினிகளில் பயனர்கள் வைத்திருந்த கோப்புகளை அவர்கள் அளந்தார்கள். உள்ளடக்கம் மட்டும் 775.2 மெகாபைட். ஐநோடுகளையும் சேர்த்து 512 பைட் பிளாக்கில் வைத்தால் 828.7 மெகாபைட் தேவைப்பட்டது; வீண் 6.9 விழுக்காடு. 1,024 பைட்டில் வீண் 11.8 விழுக்காடாகவும், 2,048-இல் 22.4 ஆகவும் ஏறி, 4,096 பைட்டில் 45.6 விழுக்காட்டைத் தொட்டது; அப்போது தேவைப்பட்ட இடம் 1,128.3 மெகாபைட். பிளாக் இரட்டிக்கும்போதெல்லாம் வீணும் ஏறக்குறைய இரட்டிக்கிறது. அன்றைய யூனிக்ஸ் பயனர்களின் கோப்புகள் பெரும்பாலும் சிறியவை என்பதே காரணம்.

வேகம் வேண்டுமானால் பெரிய பக்கம், இடம் மிஞ்ச வேண்டுமானால் சிறிய பக்கம் என்ற இக்கட்டிலிருந்து அவர்கள் வெளிவந்த விதம் அழகானது. ஒரு பிளாக்கை இரண்டு, நான்கு அல்லது எட்டுத் துண்டுகளாகப் பிரிக்க இடம் கொடுத்து, கோப்பின் வாலுக்கு மட்டும் அந்தத் துண்டுகளை ஒதுக்கினார்கள். பேரேட்டில் பெரிய கணக்குகளுக்கு முழுப் பக்கம், சில்லறைக் கணக்குகளுக்குக் கால் பக்கம் என்பதைப் போன்ற ஏற்பாடு. 4,096 பைட் பிளாக்கின் வேகமும், 1,024 பைட் பிளாக்கின் சிக்கனமும் இதனால் ஒருங்கே கிடைத்தன.

வேகத்தைத் தவிர இன்னொரு செலவும் உண்டு. பக்கங்கள் சிறிதானால் அவற்றின் எண்ணிக்கை கூடும். எண்ணிக்கை கூடினால் அட்டவணை பெருக்கும். மேலே சொன்ன திரைப்படத்துக்கு 4 கிலோபைட்டில் 3,93,216 பிளாக்குகள் என்றால், 128 கிலோபைட்டில் வெறும் 12,288. சங்கிலிப் பட்டியலைப் பின்தொடரும் முறைமைக்கு இந்த வேறுபாடு பெரிது. பெரிய காணொளிகளுக்காகவே வாங்கப்படும் மெமரி கார்டுகளுக்கும் பென் டிரைவ்களுக்கும் எக்ஸ்ஃபேட் அவ்வளவு பெரிய பக்கத்தைத் தேர்ந்தெடுப்பதன் நியாயம் இதுதான்.

இன்றைய கணினிகளில் 4,096 என்ற எண் நிலைத்துப்போனதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. எக்ஸ்86 வகைச் செயலிகள் நினைவகத்தையும் 4,096 பைட் துண்டுகளாகவே கையாள்கின்றன. வட்டின் ஒரு பக்கம் நினைவகத்தின் ஒரு பக்கத்தில் அப்படியே பொருந்தும்போது வேலை எளிதாகிறது.

எண் போதாமல் பெருத்த பக்கங்கள்

சில சமயம் பிளாக் அளவு யாரும் விரும்பித் தேர்ந்ததாக இருக்காது. ஃபேட்16 என்ற பழைய முறைமை பக்க எண்களை 16 பிட்டில் எழுதியது. ஆகவே அதிகபட்சம் 65,524 பக்கங்கள்தான் இருக்க முடியும். வட்டு பெரிதாக, பக்கங்களின் எண்ணிக்கையைக் கூட்ட வழியில்லாமல், பக்கத்தின் நீளத்தைக் கூட்டினார்கள். 1 கிகாபைட்டைத் தாண்டிய வட்டுக்குப் பக்கம் ஒன்று 32 கிலோபைட் ஆனது. இரண்டு பத்திக் கடிதமும் 32 கிலோபைட்டைப் பிடித்தது. 1996-இல் விண்டோஸ் 95-இன் திருத்திய பதிப்புடன் வந்த ஃபேட்32, 8 கிகாபைட் வரையிலான வட்டுகளுக்கு 4 கிலோபைட் பக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 'கிளஸ்டரைச் சிறிதாக்கினால் இடம் மிஞ்சும்' என்ற அறிவுரை அந்தக் காலத்தில் பிறந்தது. அன்று அது நல்ல அறிவுரை. 4 கிலோபைட் இயல்பாகிவிட்ட வட்டுகளுக்கு அதையே இன்றும் சொல்லிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

ஒரே சொல், மூன்று அளவுகள்

பிளாக் என்ற சொல்லே குழப்பத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். லினக்ஸ் கணினியில், எக்ஸ்ட்4 வட்டில், 'அம்மா' என்ற 15 பைட் கோப்பை வைத்து கோப்பின் விவரங்களைக் காட்டும் 'ஸ்டாட்' கட்டளையை இயக்கினால், அளவு 15, பிளாக்குகள் 8, உள்ளீட்டு வெளியீட்டு பிளாக் 4,096 என்று காட்டும். எட்டு பிளாக்குகளை 4,096-ஆல் பெருக்கி, 15 பைட் கோப்பு 32 கிலோபைட்டைப் பிடிக்கிறது என்று முடிவு செய்வோர் பலர். அந்த 8 என்ற எண்ணிக்கை, கோப்பு முறைமையின் பிளாக்கைக் குறிப்பதில்லை. கோப்பு முறைமை எதுவாக இருந்தாலும் லினக்ஸில் அது 512 பைட் அலகிலேயே சொல்லப்படுகிறது. எட்டு முறை 512 என்றால் 4,096; அதாவது, ஒரே ஒரு பிளாக்.

கோப்புகள் வட்டில் பிடித்த இடத்தைச் சொல்லும் 'டியூ' கட்டளை அதே கோப்புக்கு 4 என்று காட்டும். அது 1,024 பைட் அலகில் எண்ணுகிறது. மேக் கணினியின் டியூவோ 512 பைட் அலகில் எண்ணி 8 என்று சொல்லும். ஆக 15, 8, 4 ஆகிய மூன்று எண்களும் ஒரே கோப்பைப் பற்றியவை, மூன்றும் உண்மை. எஸ்எஸ்டியைப் பற்றிப் படிக்கும்போது எதிர்ப்படும் 'அழிப்பு பிளாக்' இவற்றோடு சம்பந்தமில்லாத நான்காவது பொருள். சில்லுக்குள் ஒரே தடவையில் அழிக்கப்படும் பெரிய பகுதியை அது குறிக்கிறது. ஆகவே எங்காவது 'பிளாக்' என்று கண்டால், எத்தனை என்று பார்ப்பதற்கு முன் எந்த அலகு என்று பார்ப்பது நல்லது.

அளவைவிடக் குறைவாக இடம் பிடிக்கும் கோப்புகள்

வட்டில் பிடிக்கும் இடம் எப்போதும் கோப்பின் அளவுக்குச் சமமாகவோ கூடுதலாகவோதான் இருக்கும் என்று இதுவரை படித்தவர் எண்ணக்கூடும். அதற்கும் விலக்கு உண்டு.

'அம்மா' கோப்பை பென் டிரைவில் வைக்காமல், விண்டோஸ் கணினியின் சொந்த வட்டில், என்டிஎஃப்எஸ் முறைமையில் வையுங்கள். அண்மைக்கால விண்டோஸில் 'வட்டில் அளவு' 0 பைட் என்று காட்டும். என்டிஎஃப்எஸ்-இன் அட்டவணையில் ஒவ்வொரு கோப்புக்கும் பொதுவாக 1,024 பைட் நீளமுள்ள ஒரு பதிவு உண்டு. சில நூறு பைட்டுகளே உள்ள கோப்பாக இருந்தால், அதன் உள்ளடக்கம் அந்தப் பதிவுக்குள்ளேயே எழுதப்பட்டுவிடும். ஒரு தீப்பெட்டிக் கடனுக்குப் பக்கம் திறப்பானேன் என்று கடைக்காரர் அட்டவணையில் பெயருக்குப் பக்கத்திலேயே அதைக் குறித்துக்கொள்வதைப் போன்றது இது.

இன்னொன்று, வெற்றிடக் கோப்பு. லினக்ஸில் 'ட்ரங்கேட்' என்ற கட்டளையால் 1 கிகாபைட் கோப்பு ஒன்றை உருவாக்கினால், 'எல்எஸ்' அதன் அளவை 107,37,41,824 பைட் என்று காட்டும். டியூ 0 என்று காட்டும். அதில் இன்னும் எதுவும் எழுதப்படாததால், கோப்பு முறைமை பக்கங்களை ஒதுக்காமல் 'இத்தனை தூரம் வெறுமை' என்று மட்டும் குறித்துவைக்கிறது. மெய்நிகர் கணினிகளின் வட்டுக் கோப்புகள் இந்த முறையை நிறையப் பயன்படுத்துகின்றன. இப்படியொரு கோப்பை வெற்றிடத்தைக் குறிக்கும் வசதியில்லாத ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் வட்டுக்குப் பெயர்த்தால், அது தன் முழு அளவுக்கும் ஊதிப் பெருக்கும். 'படியெடுத்ததும் கோப்பு பெரிதாகிவிட்டது' என்ற புகார்களில் பலவற்றுக்கு இதுவே காரணம்.

இதுவரை சேர்ந்ததைக் கூட்டிப் பார்த்தால்: அளவு என்பது கோப்பின் நீளம், வட்டில் அளவு என்பது ஒதுக்கப்பட்ட பிளாக்குகளின் கூட்டுத்தொகை. இரண்டாவது முதலாவதைவிடக் கூடுதலாகவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம்.

இடம் இருந்தும் இடமில்லை

சர்வர்களைப் பார்த்துக்கொள்வோர் ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள் சந்திக்கும் காட்சி இது. சாதனத்தில் இடம் எஞ்சவில்லை என்று கணினி மறுக்கிறது. 'டிஎஃப்' கட்டளையோ வட்டில் முக்கால் பங்கு காலி என்கிறது. பக்கங்கள் தீராதபோது வேறென்ன தீர்ந்திருக்கும்? பெயர் அட்டவணையின் வரிகள் தீர்ந்திருக்கும்.

எக்ஸ்ட்4 முறைமை ஃபார்மட் செய்யப்படும்போதே ஐநோடுகளின் எண்ணிக்கையும் முடிவாகிவிடுகிறது. இயல்பான கணக்கு, 16,384 பைட்டுக்கு ஓர் ஐநோடு. 100 கிகாபைட் வட்டில் இதன்படி 65,53,600 ஐநோடுகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரே பிளாக்கில் அடங்கும் சிறு கோப்புகளாகவே எழுதிக்கொண்டு போனால், 65,53,600 கோப்புகள் 25 கிகாபைட்டைப் பிடித்த நிலையில் அட்டவணை நிறைந்துவிடும். அதன்பின் புதிய கோப்புகள் பிறக்க வழியில்லை. டிஎஃப் கட்டளையை 'ஐ' என்ற தெரிவுடன் இயக்கினால் ஐநோடு நிலவரம் தெரியும். தற்காலிகக் கோப்புகளை இலட்சக்கணக்கில் கொட்டிவிட்டுத் துடைக்க மறக்கும் நிரல்களே பெரும்பாலும் இதற்குக் காரணமாக இருக்கும்.

இதற்கு நேர்மாறான இன்னொரு நிலவரமும் உண்டு: கோப்புகளையெல்லாம் டியூவால் கூட்டினால் குறைவாகவும், டிஎஃப் சொல்லும் பயன்பாடு மிக அதிகமாகவும் வரும். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் பதிவுக் கோப்பை (லாக்) நீக்கிவிட்டால், பெயர் உடனே மறையும். ஆனால் நிரல் அதை மூடும்வரை பக்கங்கள் விடுபடமாட்டா. டியூ பெயர்களின் வழியே எண்ணுகிறது. டிஎஃப் பக்கங்களை எண்ணுகிறது. அந்த நிரலை மறுபடி தொடங்கினால் இடம் திரும்பிவரும்.

எக்ஸ்ட்4 இயல்பாகவே 5 விழுக்காடு இடத்தை மூலப்பயனருக்கென்று (ரூட் எனப்படும் நிர்வாகிக் கணக்குக்கென்று) ஒதுக்கிவைக்கிறது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. வட்டு நிரம்பிவழியும் நாளில் கணினியைச் சீர்செய்ய நிர்வாகிக்குக் கொஞ்சம் இடம் வேண்டும் என்பது அதன் நோக்கம். இயங்குதளம் இருக்கும் வட்டுக்கு இது நியாயமே. படங்களைக் கொட்டிவைக்கும் 1 டெராபைட் வட்டில் 50 கிகாபைட்டை இப்படி முடக்கிவைப்பது தேவையற்றது. 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையால் ஃபார்மட் செய்யாமலே இதைக் குறைத்துக்கொள்ளலாம்.

பிளாக்கின்மீது விழும் வீண்பழி

1 டெராபைட் என்று வாங்கிய வட்டு விண்டோஸில் 931 கிகாபைட் என்று தெரிவதற்கும் பிளாக் அளவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. உற்பத்தியாளர் டெராபைட்டை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் அதையே 1,024-ஆல் மூன்று முறை வகுத்து 931 என்று காட்டுகிறது. ஒரு பைட்கூடத் தொலையவில்லை.

ஃபார்மட் செய்யும்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

கணினிக்குள் இருக்கும் வட்டுக்கு இயல்பான 4 கிலோபைட்டை மாற்ற வேண்டிய தேவை பெரும்பாலோருக்கு வராது. காணொளிகள் மட்டுமே போகும் கார்டுக்குப் பெரிய பிளாக் பொருத்தம். கேமராவே ஃபார்மட் செய்துகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது நல்லது. ஆவணங்களும் நிரல் கோப்புகளும் போகும் பென் டிரைவ் என்றால், ஃபார்மட் சாளரத்தில் ஒதுக்கீட்டு அலகு என்ற இடத்தில் 128 கிலோபைட்டுக்குப் பதிலாகச் சிறிய அளவு ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஃபார்மட் செய்யாமலும் ஒரு வழி இருக்கிறது. முன்பு பார்த்த ஒரு லட்சம் சிறு கோப்புகளை ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிப் பென் டிரைவில் வைத்தால், கோப்பு முறைமையின் பார்வையில் அது ஒரே வாடிக்கையாளர். அதன் வாலுக்கு மட்டுமே ஒரு பக்கம் பாதி காலியாகக் கிடக்கும். சுருக்கவே இல்லை என்றாலும், கோப்புப் பெயர்களும் அவற்றைப் பற்றிய குறிப்புகளும் சேர்ந்து 95 மெகாபைட் சற்றே கூடும், 12.2 கிகாபைட் ஆகாது. வீணாகும் இடம் எப்படியும் 1,31,072 பைட்டுக்குள் அடங்கிவிடும்.